இது இல்லை

கல்லுக்கட்டிக் கடையில் போஸ்டர் கலர் ஐந்து புட்டி.
பில்லில் ‘ஆய்வுக்கு’ என்று போடச் சொன்னதும்
கடைக்காரர் என் நகங்களைப் பார்த்தார்.

துறையில் எல்லாரும் இதைத் திரையில் செய்வார்கள்.
பத்து விநாடி ஒரு நிறம்,
பிறகு இருட்டு,
பிறகு அறுபத்து நான்கு கட்டங்கள். ஒன்றைத் தொடு.
சரி, அல்லது தப்பு.

எனக்கு அதில் ஒரு சங்கடம்.
கும்பகோணத்தில் நாலு வருஷம் ஓவியம் படித்தவள்.
கட்டத்திலிருக்கும் நிறத்தை யாரும் நினைவிலிருந்து எடுப்பதில்லை.
கட்டம்தான் அவர்களை எடுத்துக்கொள்கிறது.

“குழைக்கச் சொல்லலாம் சார்” என்றேன்.
இருதயராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“சிந்தும்” என்றார்.

சிந்தியது.
மேசையில், தரையில், ஒரு சீட்டுக் கம்பெனி குமாஸ்தாவின் வேட்டியில்.
ஆத்தங்குடிக் கல் ஒன்றைக் காட்டி மூடிவிட்டு
அந்தச் சிவப்பைக் கேட்டேன்.
பதினெட்டுப் பேரில் பதினேழு பேர்
கல்லைவிடச் சிவப்பாகவே குழைத்தார்கள்.
மிச்சமிருந்தவர் செக்காலை ரோட்டில்
பெயிண்ட் கடை வைத்திருக்கிறார்.

பத்தொன்பதாவது, அடைக்கம்மை.
புதுவயலில் கூட்டுறவு வங்கிக் காசாளர்.
இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
சோதனை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.
“இன்னொண்ணு கலக்கிப் பாக்கலாமா?”

குன்றக்குடி சாலையில்
அவர் ஸ்கூட்டரைத் தட்டிவிட்டு
நிற்காமல் போன கார்.
ஸ்டேஷனில் ‘ப்ளூ’ என்று எழுதிக்கொண்டார்கள்.
ப்ளூ இல்லை.
அப்ப என்ன கலர்மா என்றால்
வாய் வரவில்லை.

நீலத்தில் வெள்ளை.
இது இல்லை.
கறுப்பு, ஒரு ஊசிமுனை.
இது இல்லை.
மஞ்சளைத் தொட்டு உதறினார்.
கிட்ட வருது. ஆனா இது இல்லை.

எது என்று சொல்லத் தெரியாதவர்
எது இல்லை என்பதில்
ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

எனக்கு இந்த வியாதி தெரியும்.
மூன்றாம் வருஷம் ஒரு குளத்துக்காகப்
பதினாறு பச்சைகளை வாஷ்பேசினில் கொட்டியிருக்கிறேன்.
பதினேழாவது வந்த பிறகுதான்
அதைத் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஒவ்வோர் ‘இல்லை’க்கும் தாளின் பின்புறம் ஒரு கோடு இழுத்தேன்.
இருபத்து மூன்று.
மென்பொருளில் அதற்கு இடம் கிடையாது.

அடுத்ததில் கை நின்றது.
மழைக்கு முந்தைய ஊருணித் தண்ணீர்போல ஒன்று.
“இதான்.”
தாளில் தீட்டும்போது மாவுக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது.
துடைக்கப் போனேன், கையை இழுத்துக்கொண்டார்.
“இருக்கட்டும். ஸ்டேஷன்ல காட்டணும்.”

காலையில் தாள் காய்ந்து
ஒரு சாயல் கறுத்திருந்தது.
போஸ்டர் கலரின் குணம் அது.
முதல் வருஷமே சொல்லிவிடுவார்கள்:
இப்போது தெரிவதைப் பார்த்துப் பூசாதே,
நாளைக்குத் தெரியப்போவதை நினைத்துப் பூசு.

போன் செய்தேன்.
“கட்டு மேலே இருக்கே, அந்தச் சொட்டு.
இப்பப் பாத்தா அதே கலர்தானா?”
நோட்டு எண்ணும் எந்திரம் ஒரு கட்டை எண்ணி முடிக்கும்வரை
பேச்சில்லை.
“இதேதான்” என்றார்.
“நேத்துலேர்ந்து இதான்.”

சாரிடம் சொன்னேன்.
“ஈரத்தில் இருந்ததா, காய்ந்ததா,
எந்த மதிப்பை ஏற்றுவாய்?”
“ரெண்டையும். நடுவிலே அவங்க மாறினதையும்.”
அவர் நீலப் புட்டியின் மூடியை இறுக்கினார்.
“சரி. அந்தப் பதினெட்டுச் சிவப்பு?
அதையெல்லாம் எப்போ அளந்தே?
ஈரத்திலேயா, காஞ்ச பிறகா?”

நோட்டைப் புரட்டினேன்.
தேதி இருக்கிறது. பெயர், வயது, விநாடி இருக்கிறது.
அது மட்டும் இல்லை.

ஈரத்தில்தான் என்று தோன்றுகிறது.
மேசை விளக்கில் அவை பளபளத்தது
கண்ணில் அப்படியே நிற்கிறது.